பன்னிரண்டு மாதம் ஆன விருந்தாளி

அக்காவை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு மஞ்சள் கோட்டின் மேல். சந்தித்தேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி.

விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பாஸ்போர்ட் பார்க்கிற கண்ணாடிக் கூண்டுகளைத் தாண்டியதும் தரையில் கையகலத்துக்கு ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். பயணிகள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எங்கள் புள்ளியியல் அலுவலகத்துக்கோ அதுதான் நாட்டின் வாசற்படி. அதன் ஓரமாக ஒருவர் நின்றுகொண்டு, தாண்டுகிற ஒவ்வொரு தலைக்கும் கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஒருமுறை அழுத்துவார். ஒவ்வொரு முப்பதாவது ஆளையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள், எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்று கேட்பார். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ என்றால் அவர் குடியேறுபவர். குறைவென்றால் வெறும் வருகையாளர். புறப்பாட்டுக் கூடத்திலும் இதே மாதிரி ஒரு கோடு, இதே மாதிரி கேள்விகள். இந்தப் பதில்களையெல்லாம் கூட்டிப் பெருக்கித்தான் இந்த ஆண்டு இத்தனை பேர் வந்து குடியேறினார்கள், இத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்று செய்தித்தாளில் வருகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் புத்தம் புதிதாகத் தொங்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த நாடாவை மிதித்துத் தாண்டினேன். கிளிக் என்றது.

"நில்லுங்க தம்பி. எங்கேருந்து வர்றீங்க?"

"ஊர்லேருந்துக்கா. பஸ்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த கருவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம ஆபீஸா? ஊழியருக்கு வழி அந்தப் பக்கம் இருக்குல்ல? நீங்க தாண்டிட்டீங்க, நான் அழுத்திட்டேன், அதுவும் முப்பதாவது ஆளா வந்து நிக்கறீங்க. இப்போ உங்களை என்ன பண்றது? நாடு கடத்தவா?"

"தெரியாம வந்துட்டேன்கா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பட்டப்படிப்பு. முதல் வகுப்பு."

"அதான் தரையைப் பாக்காம நடக்கறீங்க."

அன்றைய கோபம் முழுக்க எனக்கானது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடம் பயிற்சிக்கு இருந்த மாதங்களில் தேநீர் இடைவேளைகளில் கேட்டதும், பின்னால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்ததுமாகச் சேர்ந்ததுதான் இனி வருவது.

விமான நிலையத்தில் அக்காவுக்குப் பெயர் 'பன்னெண்டு மாசம்'. தள்ளுவண்டி அடுக்குபவர்கள் வைத்தது. நாள் முழுக்க அந்தக் கேள்வியையே அவர் கேட்டுக்கொண்டிருந்ததால், "பன்னெண்டு மாசம் சாப்பிடப் போயிருக்கு", "பன்னெண்டு மாசத்துக்கு இன்னைக்கு மூட் சரியில்ல" என்றே பேசிக்கொள்வார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. முட்டிதான் அவருக்கு வருத்தம். பளபளவென்று இழைத்த கல்தரை. நாள் முழுக்க நின்றே ஆகவேண்டும். இப்படியே இன்னும் சில வருடம் நின்றால் முட்டி என்று ஒன்று மிச்சம் இருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு ஒரே வழி, மேற்பார்வையாளர் தேர்வு எழுதித் தேறுவது. மேற்பார்வையாளருக்கு நாற்காலி உண்டு. தேர்வோ வருடத்துக்கு ஒருமுறை. ஐம்பது வயதோடு வாசல் மூடிவிடும். அக்காவுக்கு மிச்சம் இருந்தது இரண்டே வாய்ப்பு.

அதற்கு ஏற்பாடும் கச்சிதமாகத்தான் செய்திருந்தார். மகன் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனதில் வீட்டில் ஓர் அறை காலியாகியிருந்தது. கட்டில் போட்டது போக ஒரு மேசைக்கும் ஒரு நாற்காலிக்கும்தான் அதில் இடம். மேசைமேல் விளக்கு வாங்கி வைத்தார். தடித்தடியான பாடப் புத்தகங்களை அடுக்கினார். கதவைச் சாத்தினால் ஹாலில் ஓடும் டிவி சத்தம் பாதியாகக் குறைந்தது. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது அப்போதுதான் என்று அக்கா சொல்வார்.

ஒரு வாரம் படித்திருப்பார். அண்ணன் வந்து இறங்கினார்.

அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வெளிநாடு போனவர் அந்த அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். போனில் அக்கா எப்போது பேசினாலும் "எப்போண்ணா வருவீங்க?" என்றுதான் முடிப்பார். "அடுத்த வருஷம் பாப்பா" என்பது வழக்கமான பதில். அந்த அடுத்த வருடம் ஒருவழியாக வந்துவிட்டது. கையில் பெரிய பெட்டி. அதன் குறுக்கே இறுக்கிக் கட்டிய பட்டை, கைப்பிடியில் விமானக் கம்பெனியின் வெள்ளைச் சீட்டு.

"எத்தனை நாள்ணா?" என்று அந்த வாசலிலேயே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அண்ணன்காரர் தானாகவே, "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன். பெட்டியை எங்க வைக்கட்டும் பாப்பா?" என்றார்.

அவருக்குக் கொடுக்க மகனின் அறைதான் இருந்தது; அதில் கீழே வைத்தால் கதவு திறக்காது. அக்காதான் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, "இப்போதைக்கு மேசைமேல வைங்கண்ணா" என்றார். தன் வாயாலேயே சொன்ன அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைப் பிற்பாடு அவர் திட்டாத நாள் இல்லை.

இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரமும் போனது. பெட்டி மேசையிலேயே இருந்தது. அண்ணன்காரர் அதிலிருந்து எதையும் எடுத்து வெளியே வைக்கிற ஆள் இல்லை. ஒரு சட்டையை எடுப்பார், போடுவார், துவைப்பார், இஸ்திரி போடுவார், மடித்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பட்டையை இறுக்குவார். பார்க்கிறவர்களுக்கு இதோ இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார் போலத்தான் இருக்கும். அக்கா சமையல் மேடைக்கு மாறினார். குக்கருக்கும் பாத்திரம் கவிழ்க்கும் கூடைக்கும் நடுவே புத்தகத்தை விரித்து வைத்து, நின்றுகொண்டே படித்தார். வேலையிலும் நிற்பது, வீட்டிலும் நிற்பது.

அங்கேயும் அண்ணன்காரர் வந்துவிடுவார்.

"என்ன பாப்பா படிக்கறே?"

"மாதிரிப் பிழைண்ணா. எல்லாரையும் கேக்காம கொஞ்ச பேரை மட்டும் கேட்டு கணக்குப் போட்டா, அதுல எவ்வளவு பிழை வரும்னு."

"பிழையை உக்காந்து படிக்கணுமா? பிழை இல்லாம பண்ண வேண்டியதுதானே?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் சிரித்தே கடந்துபோகிற மனிதர். அவரையே அண்ணன்காரர் ஒருநாள் உரசிப் பார்த்துவிட்டார். "அங்கெல்லாம் லிஃப்ட் ஓடறதே தெரியாது மாப்பிள்ளை. சத்தமே போடாது" என்றார். அன்று இரவுச் சாப்பாடு முடிந்து அண்ணன்காரர் கை கழுவப் போன நேரத்தில் வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, ஊர் உலகத்தையே நிறுத்தி வச்சு எவ்வளவு நாள் தங்கப் போறீங்கன்னு கேக்கறே. இவர் ஒருத்தர்கிட்ட கேக்க முடியாதா?"

"கோட்டைத் தாண்டி வந்தாத்தான் நான் கேக்க முடியும்."

"அப்போ வாசப்படியில ஒரு மஞ்சள் டேப்பு ஒட்டிடட்டுமா?"

"சும்மா இருங்க. வந்தவரைப் பாத்து எப்போ போறீங்கன்னு கேக்கற வாயா இது? இத்தனை வருஷமா எப்போ வருவீங்கன்னு கேட்ட வாய்ங்க."

அதுதான் விஷயம். நாக்கு நுனிவரை வரும். அதற்கு மேல் வராது. அதனால் அக்கா சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"அங்க இப்போ குளிர் ஆரம்பிச்சிருக்குமேண்ணா?"

"குளிர்னா குளிர்! இந்த நேரத்துல போனா விறைச்சே செத்துருவேன்."

சில மாதம் பொறுத்து மறுபடியும்: "இப்போ வெயில் வந்திருக்குமே?"

"ஐயோ, அந்த வெயில்ல மனுஷன் இருப்பானா?"

"கடையை யாரு பாத்துக்கறா?"

"கூட்டாளிதான். தங்கமான மனுஷன் பாப்பா. நீ கவலைப்படாத. அடுத்த மாசம் கிளம்பிருவேன்."

கவலை தனக்குக் கடையைப் பற்றியல்ல, மேசையைப் பற்றி என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் தேர்வு வந்தது, போனது. அக்கா தேறவில்லை. முடிவைக் கேட்டுவிட்டு அண்ணன்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "வீட்டுல அமைதியா உக்காந்து படிச்சிருக்கணும் பாப்பா. நீ எப்பப் பாத்தாலும் அடுப்படியிலயே நின்னுட்டு இருக்கே" என்றார். அக்கா போய் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தார். காய்ந்திருக்கக்கூட இல்லை.

நான் கோட்டை மிதித்தது இந்தக் கட்டத்தில்தான். கூடத்தில் எவராவது "ரெண்டு வாரம்தான்" என்று பதில் சொன்னால் அக்கா அவரை ஒரு நொடி கூடுதலாக முறைத்துப் பார்ப்பார். முறைப்பதற்கு விதியில் இடமில்லை. கேட்பவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, தெரியாது என்று சொன்னால் இன்னும் ஒரே ஒருமுறை கேட்கலாம், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஒருநாள் ஒரு பெரியவர், தள்ளுவண்டியில் தலைக்கு மேல் அடுக்கிய நான்கு பெட்டி, சுருட்டிய மெத்தை, கையில் ஒரு மிக்ஸியோடு வந்து நின்று, "சும்மா பத்து நாள் சுத்திப் பாக்கத்தான்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "எழுதுங்க தம்பி, வருகையாளர். மெத்தையும் சுத்திப் பாக்க வந்திருக்கு" என்றார். அந்தக் கிண்டலும் விதிப்படி கூடாது.

அப்படி இருக்கும்போதுதான் வெடித்தது. வந்து குடியேறியவர்களின் எண்ணிக்கை பல வருடங்களாகவே குறைத்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று எங்கள் அலுவலகமே அறிவித்துவிட்டது. கொஞ்ச நாள் தங்க வந்தேன் என்று கோட்டில் சொன்னவர்களில் ஏராளமானவர்கள் போகவே இல்லை. பழைய எண்களையெல்லாம் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். எண்ணத் தெரியாத அலுவலகம் என்று ஒரு செய்தித்தாள் தலைப்புப் போட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து பிரிவுத் தலைவர் நேரில் வந்து, எங்கள் எல்லோரையும் சாமான் அறையில் உட்காரவைத்தார். உட்கார இடம் கிடைத்ததில் அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் சந்தோஷம்.

"நீங்கள்லாம் கேள்வியைச் சரியாத்தான் கேட்டீங்களா?" என்றார் பிரிவுத் தலைவர்.

"சரியாத்தான் கேட்டோம் சார். பதில்தான் சரியா வரல" என்றார் அக்கா.

"பொய் சொன்னாங்கன்னு சொல்றீங்களா?"

"பொய் சொல்ற மாதிரியும் தெரியல சார். என்ன பண்ணப் போறோம்னு அவங்களுக்கே தெரியல."

"தெரியாமயா ஒருத்தர் டிக்கெட் வாங்கி விமானம் ஏறி வருவார்?"

"எங்க வீட்டுலயே ஒருத்தர் அப்படி இருக்கார் சார்" என்று சொல்ல வந்ததை அக்கா மென்று விழுங்கினார்.

பிரிவுத் தலைவர் கெட்டவர் அல்ல. பாவம், மேலே அவரை வறுத்தெடுத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இனிமேல் முறை மாறப் போகிறது என்று விளக்கினார். "இவ்வளவு நாள் அவங்க வாயால சொன்னதை நம்பினோம். இனிமே அது போதாது. வந்து பன்னெண்டு மாசம் ஆச்சா, இன்னும் இங்கயேதான் இருக்காரா, அவ்வளவுதான் பாக்கப் போறோம். அவர் மனசுல என்ன நெனச்சிட்டிருக்கார்ங்கறது நமக்குத் தேவையில்ல. ஒரு வருஷம் இருந்துட்டார்னா அவர் வருகையாளர் இல்ல. இந்த நாட்டுல குடியிருக்கறவர்."

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அக்கா எடுக்கவில்லை. அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரிவுத் தலைவர் தன் விளக்கம் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நினைத்திருப்பார். ஒருவகையில் சேரத்தான் செய்தது.

அண்ணன்காரர் வந்து சரியாக ஒரு வருடம் முடிந்த நாள் அக்காவுக்கு வார விடுமுறை. இருந்தும் காலையிலேயே அலுவலகக் கோட்டை மாட்டிக்கொண்டார். முதுகில் எங்கள் துறையின் முத்திரை போட்ட, கை இல்லாத கோட்டு. ஹாலில் அண்ணன்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், மனைவி நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு அவிழ்த்து வைத்தார்.

கூடத்தில் பேசுகிற அதே குரலில் அக்கா ஆரம்பித்தார். "வணக்கம் ஐயா. இங்கே எவ்வளவு காலம் தங்க உத்தேசித்திருக்கிறீர்கள்?"

அண்ணன்காரர் சிரித்தார். "என்ன பாப்பா, வேலைக்குப் போற நினைப்புல வீட்டுலயே ஆரம்பிச்சிட்டியா?"

அக்கா சிரிக்கவில்லை. முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி. அண்ணன்காரரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியல" என்றார்.

விதிப்படி அக்கா இன்னொருமுறை கேட்டார். "தோராயமாகச் சொன்னாலும் போதும் ஐயா."

"தெரியல பாப்பா. நிஜமாவே தெரியல. கடையே இல்ல. நான் கிளம்பறதுக்கு முன்னாடியே வித்தாச்சு. கூட்டாளி தங்கமான மனுஷன்தான், அவன் பங்கை வாங்கிட்டு அவனும் ஊருக்குப் போயிட்டான். அங்க எனக்கு ஒரு வாடகை அறைகூட இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்தப் பெட்டியைக் கட்டியே வச்சிருக்கீங்க?"

"நீ எப்போ கேப்பியோன்னுதான். கேட்டா உடனே எடுத்துட்டுக் கிளம்பற மாதிரி இருக்கணும்ல? ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்தவன் மூணாவது வாரம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் துணியை எடுத்து அலமாரியில அடுக்கறது? தினமும் காலைல இன்னைக்குக் கேட்டுருவா, இன்னைக்குக் கேட்டுருவான்னு பாக்கறேன். நீ குளிரு, வெயிலுன்னு ஏதேதோ கேக்கறே, இதை மட்டும் கேக்கவே மாட்டேங்கறே!"

அதுவரை பிடித்து வைத்திருந்த கூடத்துக் குரல் அக்காவைக் கைவிட்டது.

"கேக்கக் கூடாதுன்னு நான் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்ணா!"

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷமா! பரீட்சையே போச்சு எனக்கு! அடுப்புக்குப் பக்கத்துல நின்னு படிச்சேன். முட்டி ரெண்டும் போச்சு. உங்க பெட்டி மட்டும் ராஜா மாதிரி மேசைமேல உக்காந்திருக்கு!"

"பெட்டியை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பெட்டியை எடுங்கன்னா போங்கன்னு அர்த்தமாயிடாதா?"

"நான் எடுத்திருந்தா வேற எங்கயாவது வச்சிருப்பேன். போகணும்னா எங்க போவேன்?"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் இன்னொரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

அக்கா கோட்டைக் கழற்றவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிரிவுத் தலைவர் சாமான் அறையில் சொன்னதைச் சொன்னார். "இங்க பாருங்கண்ணா. எங்க ஆபீஸ் கணக்குப்படி நேத்து வரைக்கும் நீங்க வருகையாளர். விருந்தாளி. உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னையோட பன்னெண்டு மாசம் முடிஞ்சு போச்சு. இனிமே நீங்க இந்த வீட்டுல குடியிருக்கறவர். உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தேவையில்ல. குடியிருக்கறவருக்கு ஹால். அறை எனக்கு."

அண்ணன்காரர் நடுவில் இருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "அலமாரியில எனக்கு எந்தத் தட்டு?" என்று கேட்டார்.

"கீழ் தட்டு."

"கீழ் தட்டா? எனக்குக் குனிய முடியாதே."

"எனக்கு முட்டியே இல்ல. கீழ் தட்டுதான்."

"அப்போ மச்சான்" என்று வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார், "குப்பையைக் கொண்டுபோய் போடறது, தண்ணி வந்தா மோட்டார் போடறதெல்லாம்?"

"குடியிருக்கறவர் செய்யணும்" என்றார் அக்கா.

"போடறேன் மாப்பிள்ளை. அங்கெல்லாம் மோட்டார் தானாவே..." என்று ஆரம்பித்த அண்ணன்காரர், தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

அன்றே பெட்டியை மேசையிலிருந்து இறக்கினார்கள். கைப்பிடியில் ஒரு வருடமாகத் தொங்கிய வெள்ளைச் சீட்டை வீட்டுக்காரர் தன் கருவிப் பையில் இருந்த வெட்டுக்குறட்டால் வெட்டி எடுத்தார். காலிப் பெட்டி பரணுக்குப் போனது. சட்டைகள் கீழ் தட்டுக்குப் போயின. இருப்பதோ ஏழெட்டுச் சட்டை. இதற்கா ஒரு வருடம் என்று அக்காவுக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

அடுத்த தேர்வுக்கு மிச்சம் இருந்தது சில மாதம்தான். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். அண்ணன்காரர் ஹாலில் டிவியை வைத்துக்கொண்டு, சத்தம் கேட்கிறதா பாப்பா என்று கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார். தேர்வில் குடிபெயர்ந்தவர் யார் என்று வரையறை எழுதச் சொல்லி ஒரு கேள்வி இருந்ததாம். இரண்டு வரியில் முடித்திருக்க வேண்டிய பதிலை அக்கா கோபத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் தேறிவிட்டார். விளிம்பில் தேறினார், ஆனால் தேறினார்.

அண்ணன்காரர் வந்து இறங்கிய அன்று கோட்டின் ஓரம் நின்றது யார், அவரை யாராவது நிறுத்திக் கேட்டார்களா என்பது அக்காவுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பார்ப்பதும் எங்கள் அலுவலகத்தில் கூடாது. கேட்டிருந்தால் இரண்டு வாரம் என்றுதான் சொல்லியிருப்பார். கடையும் அறையும் இல்லாதபோதும் அதை அவர் மனதார நம்பியும் இருப்பார்.

அக்கா இப்போது துறைமுகத்தின் பயணிகள் கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கே கப்பலில் இருந்து இறங்குகிறவர்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் வந்துவிடுவதால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை என்று புலம்புகிறார். முட்டிக்கு மட்டும் கொஞ்சம் தேவலை. வீட்டுக்காரர் அதே வேலையில்தான் இருக்கிறார். அண்ணன்காரர் இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் ஏசி பழுது பார்க்கிறார். குப்பையும் மோட்டாரும் அவர் பொறுப்பு. அவர் படுப்பது ஹாலில். அறை அக்காவுடையது. மேசையில் இப்போது விளக்கு மட்டும் இருக்கிறது.